அஷ்வின்: ஜோகன்னஸ்பர்க் 2013-க்கும் காலே 2015-க்கும் நடுவில் என்ன மாறியது?

நாலாம்நாள்_பிட்ச் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். இந்திய ஆஃப் ஸ்பின்னர் ரவிச்சந்திரன் அஷ்வினின் டெஸ்ட் ஸ்கோர்கார்டுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால் ஓர் இடத்தில் தடுக்குகிறது.

2011 நவம்பரில் டெல்லியில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக அறிமுகம். இரண்டாவது இன்னிங்ஸில் 47 ரன்னுக்கு 6, ஆட்டத்தில் மொத்தம் 9 விக்கெட். 2013 நவம்பரில் மும்பையில், தன் 18-வது டெஸ்டிலேயே 100 விக்கெட்டைத் தாண்டிவிட்டார். இந்தியர் யாரும் அவ்வளவு வேகமாக அங்கே போனதில்லை. அதற்கு அடுத்த டெஸ்ட் ஜோகன்னஸ்பர்க். 42 ஓவர், 108 ரன், விக்கெட் ஒன்றுகூட இல்லை. அதோடு அணியிலிருந்து வெளியே.

பிறகு 2015 ஆகஸ்டில் காலேயில் பார்த்தால் வேறு ஒரு பவுலர் நிற்கிறார். 46 ரன்னுக்கு 6, அடுத்த இன்னிங்ஸில் 4. இலங்கைத் தொடரில் 21 விக்கெட், அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 31 விக்கெட், சராசரி 11 சொச்சம்.

என் கேள்விகள்:

நடுவில் மாறியது ஆக்‌ஷனா, பந்துத் தேர்வா, மனசா? இடதுகை பேட்ஸ்மேன்களுக்கு அவர் ஏன் இவ்வளவு கண்டமாக இருந்தார்? ஆஃப் ஸ்பின் கற்றுக்கொள்ளும் 14, 15 வயசுப் பையன் இந்த வளர்ச்சியிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எதைத் தொடக்கூடாது?

"கடும் உழைப்பு, தன்னம்பிக்கை" என்கிற பதில்கள் வேண்டாம். பந்து கையை விட்டுப் போகும் இடத்திலிருந்து சொல்லுங்கள்.

---

பழைய_ஸ்கோர்கார்டு

ஜோகன்னஸ்பர்க்கைத் தனியாக எடுத்துப் பார்ப்பதால்தான் அது திடீர்ச் சறுக்கலாகத் தெரிகிறது. ஒரு வருடம் முன்பே அதற்கான அறிகுறி இருந்தது. 2012-13-ல் இங்கிலாந்து இங்கே வந்து 2-1 என்று தொடரைத் தூக்கிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கும். அதில் அவர்களுடைய ஸ்பின்னர்களில் ஸ்வானுக்கு 20 விக்கெட், பனேசருக்கு 3 டெஸ்டிலேயே 17. அஷ்வினுக்கு 4 டெஸ்டில் 14, சராசரி 52-க்கு மேல். பிட்ச் ஒன்றுதான், பந்தும் ஒன்றுதான். அடுத்து வந்த ஆஸ்திரேலியாவிடம் 29 விக்கெட் எடுத்ததால் இந்தக் கணக்கு மூடிப்போய்விட்டது.

இதன் வேர் அவர் மேலே வந்த பாதையில் இருக்கிறது. அஷ்வின் சின்ன வயசில் தொடக்க பேட்ஸ்மேன். கொஞ்சம் மித வேகம் போடுவார், ஆஃப் ஸ்பின் பிறகு வந்தது. 2006 டிசம்பரில் தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆட ஆரம்பித்தார். ஆனால் இந்திய அணிக்குள் அவரைக் கூட்டிப்போன வாசல் டி20. 2010 ஐபிஎல்லில் சென்னைக்கு 13 விக்கெட், ஓவருக்கு 6 ரன் சொச்சம்தான். ஜூனில் ஹராரேயில் ஒருநாள் அறிமுகம். அந்த வருடமே தென்னாப்பிரிக்காவில் நடந்த சாம்பியன்ஸ் லீக்கில் தொடர் நாயகன். இத்தனைக்கும் அதே தொடரில் விக்டோரியாவுக்கு எதிரான சூப்பர் ஓவரில் அவரிடம் 23 ரன் அடித்தார்கள். அதன் பிறகும் தோனி புதுப்பந்தை அவர் கையிலிருந்து வாங்கவில்லை. 2011 ஐபிஎல் இறுதியில் முதல் ஓவரின் நாலாவது பந்தில் கெய்ல் பூஜ்யம், கீப்பர் கேட்ச். அந்த நம்பிக்கையின் பலன் அது.

டி20-யில் ஒரு பவுலருக்கு 24 பந்துதான். அங்கே வேலை, அடுத்து என்ன வரும் என்று பேட்ஸ்மேன் ஊகிக்காமல் பார்த்துக்கொள்வது. ஓவருக்கு இரண்டு கேரம் பால் (விரலால் சுண்டி எதிர்ப்பக்கம் திரும்ப வைப்பது), ஒரு ஆர்ம் பால் (திரும்பாமல் நேரே போவது), ஒன்று வேகமாக என்று கலந்துவிட்டால் போதும். ஜோகன்னஸ்பர்க்கில் 42 ஓவர் போட்டார், அதாவது 252 பந்து. அங்கே ஒரே பந்தை ஒரே இடத்தில் மறுபடி மறுபடி போட்டு, பேட்ஸ்மேனை அவராகவே தப்புப் பண்ண வைக்க வேண்டும். ஓவருக்கு மூன்று விதம் கலந்தால் ஒரு மோசமான பந்து கட்டாயம் வரும். பேட்ஸ்மேன் அதற்காகக் காத்திருந்து ஒற்றை ரன்னோ பவுண்டரியோ எடுத்துக்கொள்வார். 458 அடிக்க வேண்டிய தென்னாப்பிரிக்கா 450-க்கு 7-ல் முடித்தது. கடைசி நாள் பிட்சில் ஜெயித்துக்கொடுக்க வேண்டியவர் ஸ்பின்னர். கேள்வி அவர் மேல் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

அடுத்த 6 டெஸ்டில் அவர் இல்லை: டர்பன், நியூசிலாந்தில் இரண்டு, இங்கிலாந்தில் மூன்று. மான்செஸ்டரில் திரும்பி வந்தபோதும் 40, ஆட்டமிழக்காமல் 46 என்று பேட்டிங்தான் பேசியது. 2014 டிசம்பரில் அடிலெய்டில் மறுபடி உட்கார வைத்து, கரண் சர்மாவுக்கு அறிமுக வாய்ப்புக் கொடுத்தார்கள். அந்த ஆட்டத்தில் எதிரணியின் ஆஃப் ஸ்பின்னர் நேதன் லயன் எடுத்தது 12 விக்கெட். லயன் கேரம் பாலை நம்பிப் பிழைக்கிற ஆள் இல்லை. ஓவர்ஸ்பின் (பந்து முன்னோக்கி உருளும் சுழற்சி), பவுன்ஸ், ஒரே இடம். நீங்கள் கேட்ட "நடுவில் என்ன" என்பதற்கு அடிலெய்டின் அந்த ஸ்கோர்கார்டு ஒரு நல்ல பதில்.

அதன் பிறகு வந்த அஷ்வினைப் பாருங்கள். 2015 ஜூனில் ஃபதுல்லாவில் 87-க்கு 5, ஆகஸ்டில் காலே. இரண்டிலும் கேரம் பால் அபூர்வமாகத்தான் வருகிறது. ஆஃப் பிரேக்தான் (ஆஃப் ஸ்பின்னரின் அடிப்படைப் பந்து, வலதுகைக்காரருக்கு உள்ளே திரும்புவது) உழைக்கிறது. அந்த இடைவெளியில் தன் பழைய குரு, தமிழ்நாட்டின் முன்னாள் இடதுகை ஸ்பின்னர் சுனில் சுப்ரமணியத்திடம் திரும்பப் போய் அடிப்படையைச் சீர்செய்தார். என் முடிவு இதுதான்: காலேயில் வந்தது புதுப் பந்து இல்லை. பழைய பந்து முதல்முறையாக முழு பலத்தோடு வந்தது.

---

சீம்_45

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். "முழு பலத்தோடு" என்றால் கையில் என்ன நடக்கிறது என்று மட்டும் விரிக்கிறேன், கேள்வி கேட்டவர் அதைத்தானே கேட்டார்.

ஆஃப் பிரேக் பிடி: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சீமுக்கு (பந்தின் தையலுக்கு) குறுக்கே, நன்றாக அகட்டி, மேல் கணுக்கள் சீமின் மேல் உட்கார வேண்டும். பந்து மோதிர விரலில் சாய்ந்திருக்கும். கட்டைவிரல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். அழுத்தினால் சுழற்சி செத்துவிடும். பந்தைச் சுற்றிவிடுவது ஆள்காட்டி விரல். அதன் உட்பக்கம் காய்ப்புக் காய்ச்சி, சில சமயம் வெடிக்கும். நீண்ட ஸ்பெல் போடுகிறவருக்கு அது இல்லாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பந்து கையை விடும்போது சீம் எங்கே பார்க்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சீம் ஸ்கொயர் லெக் பக்கம் பார்த்தால் முழுக்க சைட் ஸ்பின். பிட்ச் பிடித்தால் நிறையத் திரும்பும், பிடிக்காவிட்டால் ஒன்றும் இல்லை. காற்றிலும் தட்டையாகப் போகும். சீம் நேராக பேட்ஸ்மேனைப் பார்த்தால் முழுக்க டாப் ஸ்பின். திரும்பாது, ஆனால் சட்டென்று இறங்கி எகிறும். நடுவே, ஏறக்குறைய 45 டிகிரி, வலதுகைக்காரரின் லெக் ஸ்லிப் பக்கம் சீம் சாய்ந்து போனால் இரண்டும் கிடைக்கும். பந்து வெளிப்பக்கம் மிதந்து, எதிர்பார்த்ததைவிட அரை அடி முன்னால் இறங்கி, அப்புறம் உள்ளே திரும்பும். பேட்ஸ்மேனை ஏமாற்றுவது திரும்பும் அளவைவிட அந்த இறக்கம்தான். டிரைவ் ஆட முன்கால் போட்டுவிடுவார், பந்து காலுக்கு எட்டாமல் முன்னாலேயே விழும். பேட்டின் மேல்பகுதியில் பட்டு ஷார்ட் லெக்குக்குப் போகும்.

இதற்கு மூன்று உடல் வேலை ஒத்துழைக்க வேண்டும்.

முதலாவது, ஓட்டம் இலக்கை நோக்கி இருக்க வேண்டும். சாய்வாக ஓடிவந்து கடைசி அடியில் உடம்பைத் திருப்பினால், ஓடிவந்த வேகம் பந்துக்குப் போகாமல் பக்கவாட்டில் வழிந்துவிடும். மிச்சத்தைத் தோளால் ஈடுகட்டப் பார்ப்பார்கள். அப்போது பந்து வேகமாகவும் தட்டையாகவும் வரும்.

இரண்டாவது, முன்கால். இடது பாதம் ஊன்றி, முழங்கால் மடங்காமல் நின்று, அதன் மேல் இடுப்பு முழுவதும் சுழல வேண்டும். முழங்கால் மடங்கினால் கை உயரம் போய்விடும், பவுன்ஸும் கூடவே போய்விடும். வலது இடுப்பு இடது காலைத் தாண்டி முன்னே வந்து நிற்கிறதா என்று ஃபாலோ த்ரூவைப் பாருங்கள். வரவில்லை என்றால் பந்தை விரலால் மட்டும் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

மூன்றாவது, இடது கை. அது உயர்ந்து, இலக்கைக் காட்டி, பிறகு உடம்போடு ஒட்டிக் கீழே இழுக்கப்பட வேண்டும். அது முன்கூட்டியே வெளிப்பக்கம் விழுந்தால் தலை சாயும். பந்து லெக் சைடில் போகும்.

கேரம் பாலை அதிகமாகப் போடுகிறவருக்கு இந்த மூன்றும் மெல்லக் கெடும். காரணம் எளிது. கேரம் பாலில் நடுவிரலை மடக்கி, கட்டைவிரலுக்கும் அதற்கும் நடுவே பந்தை வைத்து, முன்பக்கமாகச் சுண்டிவிட வேண்டும். சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் போடும் சொடுக்கு பால் அதுதான். அஷ்வினும் அங்கிருந்துதான் அதை எடுத்தார். அதற்கு மார்பு கொஞ்சம் பேட்ஸ்மேனைப் பார்த்துத் திறந்திருந்தால் வசதி, இடுப்புச் சுழற்சியும் அவ்வளவாகத் தேவையில்லை. ஆஃப் பிரேக்குக்கு நேர் எதிர், பக்கவாட்டு நிலை வேண்டும், இடுப்பு முழுக்கச் சுழல வேண்டும். ஒரே ஓவரில் இரண்டையும் மாறி மாறிப் போட்டால் உடம்பு நடுவில் ஒரு சமரச நிலைக்கு வந்து நின்றுவிடும். அந்த நிலையில் எதுவும் முழுசாக வராது.

இடதுகைக்காரர்கள் விஷயம். அஷ்வின் எடுத்த 537 டெஸ்ட் விக்கெட்டில் 268 இடதுகை பேட்ஸ்மேன்கள். ஸ்டோக்ஸ் 13 முறை, வார்னர் 11 முறை. ஆஃப் பிரேக் இடதுகைக்காரருக்கு வெளியே திரும்பும், அது எல்லோருக்கும் தெரியும். அதனால் மட்டும் இந்த எண்ணிக்கை வராது. ரவுண்ட் தி விக்கெட் (பவுலர் முனை ஸ்டம்பின் மறுபக்கமாக) வந்து, கிரீஸின் ஓரத்திலிருந்து பந்தைவிட்டால் அது ஸ்டம்பை நோக்கி உள்ளே போகும் கோணம். அதோடு ஆஃப் ஸ்பின்னின் மிதப்பும் இடதுகைக்காரருக்கு உள்பக்கமாகத்தான். ஆக, காற்றில் இருக்கும்வரை பந்து உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. ஆடித்தான் ஆக வேண்டும், விட முடியாது. விழுந்ததும் வெளியே போனால் ஸ்லிப், திரும்பாமல் நேரே போனால் போல்ட் அல்லது எல்பிடபிள்யூ. 2018 எட்ஜ்பாஸ்டனில் அலிஸ்டர் குக்கை இரண்டு இன்னிங்ஸிலும் போல்ட் ஆக்கியது இந்தக் கோணத்தில்தான். மிடில் ஸ்டம்பைப் பார்த்து வந்த பந்து, விழுந்ததும் பேட்டைத் தாண்டி ஆஃப் ஸ்டம்பின் உச்சியில்.

இங்கே அவருடைய தனித்திறமை கிரீஸைப் பயன்படுத்துவது. ஒரு பந்து ஸ்டம்பை உரசிக்கொண்டு, அடுத்தது கிரீஸின் நடுவிலிருந்து, அதற்கடுத்தது ஓரத்திலிருந்து. கையில் பிடி மாறவே இல்லை, சீம் மாறவே இல்லை, கோணம் மட்டும் மாறுகிறது. பேட்ஸ்மேன் கையைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒன்றுமே இல்லை. கேரம் பாலுக்குப் பதில் அவர் கண்டுபிடித்த வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன்.

---

இரண்டாம்_ஸ்லிப்

பவுலர் மாறினார், சரி. ஆனால் சுற்றி இருந்ததும் மாறியது, அதை விட்டுவிடக் கூடாது.

காலே டெஸ்டில் ரஹானே பிடித்த கேட்ச் 8. கீப்பர் அல்லாத ஒருவர் ஒரே டெஸ்டில் பிடித்ததில் அதுதான் சாதனை. அதற்கு முந்தைய சில வருடங்களில் ஸ்பின்னுக்கு ஸ்லிப்பில் நின்று இந்தியா கோட்டைவிட்ட கேட்ச்கள் கொஞ்சநஞ்சமில்லை. சங்கக்காரா தன் கடைசித் தொடரில் ஆடிய நாலு இன்னிங்ஸிலும் அஷ்வினிடமே அவுட். எட்ஜ் எடுப்பது பவுலர் வேலை, அதன் பிறகு அவர் கையில் இல்லை. ஸ்பின்னுக்கு நிற்கிற ஸ்லிப், பந்தின் வேகத்துக்காகப் பின்னால் போய் நிற்கக் கூடாது. எட்ஜ் கைக்கு வராமல் முன்னாலேயே விழும். எழுந்திருக்க அவசரப்படாமல், பந்து பிட்சில் படும்வரை தாழ்ந்தே இருக்க வேண்டும். ரஹானே அதைச் சரியாகச் செய்தார்.

இன்னொன்று, 2015 தென்னாப்பிரிக்கத் தொடர் பிட்சுகள். நாக்பூரில் தென்னாப்பிரிக்கா 79-க்குச் சுருண்டது. அங்கே 12 விக்கெட் எடுத்தது பெரிய விஷயம்தான், ஆனால் அந்தப் பிட்சை வைத்து ஒரு பவுலரின் வளர்ச்சியை அளக்க முடியாது. அதனால்தான் எனக்குக் காலேயும், 2016 வெஸ்ட் இண்டீஸ் பயணமும் முக்கியம். அங்கே 17 விக்கெட்டும் இரண்டு சதமும் அடித்துத் தொடர் நாயகன்.

டிஆர்எஸ் (நடுவரின் தீர்ப்பை மறுபரிசீலனைக்குக் கேட்கும் முறை) வந்ததும் அவருக்கு லாபம். இந்தியா 2016 நவம்பரில் இங்கிலாந்து தொடரில்தான் அதை ஏற்றது. முன்கால் பேடை நீட்டி ஆஃப் ஸ்பின்னைத் தடுத்துத் தப்பித்த காலம் அதோடு முடிந்தது. ஆனால் 200-வது விக்கெட் அதற்கு முன்பே, கான்பூரில், 37-வது டெஸ்டிலேயே வந்துவிட்டது. ஆகவே டிஆர்எஸ்ஸால்தான் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

---

நாலாம்நாள்_பிட்ச் (கேள்வி கேட்டவர்)

நன்றி. சீம்_45 சார், சீம் கோணம் பற்றிச் சொன்னது கண்ணைத் திறந்துவிட்டது. இரண்டு துணைக் கேள்விகள்.

ஒன்று: இவ்வளவு முழுமையான பவுலர் என்றால் 2018 சவுத்தாம்ப்டனில் என்ன ஆனது? அதே பிட்சில் இங்கிலாந்தின் ஆஃப் ஸ்பின்னர் மொயின் அலிக்கு 9, இவருக்கு 3.

இரண்டு: இதை ஒரு பையனுக்குப் பயிற்சியாக எப்படி மாற்றுவது? கேரம் பாலை எந்த வயசில் தொடலாம்?

---

பழைய_ஸ்கோர்கார்டு

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

சவுத்தாம்ப்டனில் அவர் முழு உடல்தகுதியோடு இல்லை, இடுப்புப் பக்கம் பிரச்சினை இருந்தது. மேலே முன்கால், இடுப்புச் சுழற்சி என்று படித்தோமே, அதைப் பொருத்திப் பாருங்கள். இடுப்பு சுழலவில்லை என்றால் பந்து விரலில் மட்டும்தான் வரும். வலதுகைக்காரரின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பவுலர்களின் கால்தடத்தில் ஒரு கரடுமுரடான திட்டு உருவாகியிருந்தது. மொயின் அதிலேயே விடாமல் மெதுவாகப் போட்டார். இவர் அந்தத் திட்டைத் தொடர்ந்து அடிக்கவில்லை, வேகமும் கொஞ்சம் கூடிப்போனது. அந்தத் திட்டில் வேகமாக விழுந்தால் பந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். மெதுவாக விழுந்தால்தான் பிடித்துத் திரும்பும்.

உடம்புதான் வெளிநாட்டில் அவருடைய பெரிய எதிரி. 2018 டிசம்பரில் அடிலெய்டில் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 86.5 ஓவர் போட்டு 6 விக்கெட் எடுத்தார், டெஸ்டை ஜெயித்தோம், பிறகு காயத்தால் மிச்சத் தொடரில் ஆட முடியவில்லை. 2020-21-ல் உடம்பு ஒத்துழைத்தபோது என்ன ஆனது என்று பாருங்கள். அடிலெய்டில் ஸ்மித்தை நேரே போகும் பந்தில் ஸ்லிப்பில் ரஹானேயிடம் பிடிக்க வைத்தார், ஸ்மித் 1. மெல்போர்னில் லெக் ஸ்லிப்பில் புஜாராவிடம், ஸ்மித் 0. ஸ்மித்தின் பலமே லெக் சைடு. அங்கேயே ஆளை நிறுத்தி, ஸ்டம்பில் போட்டு, பவுன்ஸை வைத்து எடுத்தது அந்த விக்கெட். ஆஸ்திரேலியாவில் ஆடும் கூக்கபரா பந்தில் சீம் சீக்கிரம் அமுங்கிவிடும், இந்தியாவில் ஆடும் எஸ்ஜி பந்து மாதிரி பிட்சைப் பிடிக்காது. அங்கே சைட் ஸ்பின் மட்டும் வைத்திருப்பவர் பட்டினிதான். 2011-12-ல் அதே ஆஸ்திரேலியாவில் 3 டெஸ்டில் 9 விக்கெட், சராசரி 62-க்கு மேல். 2020-21-ல் 3 டெஸ்டில் 12, சராசரி 28 சொச்சம். வளர்ச்சி என்று ஒன்றை அளக்க வேண்டுமானால் இந்த இரண்டு வரியை வைத்து அளக்கலாம்.

---

சீம்_45

பயிற்சிக்கு வருகிறேன். படிப்படியாகச் சொல்கிறேன், ஏனென்றால் வரிசை மாறினால் பலன் இருக்காது.

முதலில் ஓட்டமே இல்லாமல் நின்ற இடத்திலிருந்து. இடது தோள் இலக்கைப் பார்க்க, முன்கால் ஊன்றி, 15 கஜ தூரத்துக்கு. பாதி வெள்ளை, பாதி சிவப்பாக இருக்கும் பயிற்சிப் பந்து இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய பந்தில் சீமின் மேல் வெள்ளை டேப் ஒட்டிவிடுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: டேப் தள்ளாடாமல் சுத்தமான ஒரு கோடாகச் சுற்றுகிறதா, அந்தக் கோடு லெக் ஸ்லிப் பக்கம் சாய்ந்திருக்கிறதா. தள்ளாடினால் கட்டைவிரல் அழுத்துகிறது, அல்லது பந்து உள்ளங்கைக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. எங்கே விழுகிறது என்று இந்தக் கட்டத்தில் பார்க்கவே கூடாது.

சீம் நிலையாக வந்த பிறகு உயரம். பிட்சின் பேட்ஸ்மேன் பாதியில், இரண்டு கம்பு நட்டு, பேட்ஸ்மேனின் கண்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கயிறு கட்டுங்கள். பந்து கயிற்றுக்கு மேலே போய், ஸ்டம்பிலிருந்து 4 முதல் 5 மீட்டருக்குள் விழ வேண்டும். கயிற்றைத் தாண்டிவிட்டு ஃபுல் டாஸாகப் போனால் டாப் ஸ்பின் போதவில்லை என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்துச் சரிசெய்யப் பார்ப்பார்கள், விடாதீர்கள். வேகம் அப்படியே இருக்க, சுழற்சி கூடித்தான் பந்து இறங்க வேண்டும். பந்தைத் தூக்கிப் போடுவதற்கும் பந்து தானாக இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கயிற்றில் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஒரே இடம். ஒரு செய்தித்தாள் அகலத்துக்குத் துணியை விரித்து, 6 பந்து ஒரு கணக்கு. 6-ல் 4 துணியில் விழும்வரை வேறு எதுவும் கிடையாது. பேட்ஸ்மேனை நிறுத்தி அடிக்கச் சொன்னால் இந்த 4 சட்டென்று 2 ஆகிவிடும். அது இயல்பு. அடிவிழுந்த அடுத்த பந்து வேகமாகவும் குட்டையாகவும் வருகிறதா என்று கவனியுங்கள். எல்லாப் பையன்களும் அங்கேதான் வழுக்குவார்கள். அடிவிழுந்த பிறகும் அதே பந்தைப் போடப் பழக்குவதுதான் பயிற்சியாளரின் வேலை.

நாலாவதாக கிரீஸ். அதே பந்து, அதே துணி. இரண்டு பந்து ஸ்டம்பை ஒட்டி, இரண்டு நடுவிலிருந்து, இரண்டு ஓரத்திலிருந்து. கோணம் மாறினால் விடும் திசையும் மாற வேண்டும். பலர் கிரீஸை மாற்றிவிட்டுப் பழைய திசையிலேயே விடுவார்கள், லெக் சைடில் போகும்.

கேரம் பால்: வயசை வைத்துச் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன துணியில் 6-க்கு 4 என்ற கணக்கு, பேட்ஸ்மேன் நிற்கும்போதும் தொடர்ந்து வருகிறதா? அப்போது ஆரம்பிக்கலாம். அதுவும் தனி நாளில், ஆஃப் பிரேக் பயிற்சி முடிந்த பிறகு, 12 பந்துக்கு மேல் வேண்டாம். வளரும் விரல் கணுக்களுக்கு அந்தச் சுண்டல் பாரம். கணு வீங்கினால் இரண்டு வாரம் அடியோடு நிறுத்துங்கள். தூஸ்ரா (ஆஃப் பிரேக் மாதிரி போட்டு எதிர்ப்பக்கம் திருப்பும் பந்து) பக்கம் போகவே வேண்டாம். 15 டிகிரி முழங்கை வரம்புக்குள் அதைப் போட முடிகிறவர்கள் மிகக் குறைவு. பையனின் ஆக்‌ஷன் மீது ஒருமுறை புகார் வந்துவிட்டால் அதிலிருந்து மீள்வது சிரமம்.

---

இரண்டாம்_ஸ்லிப்

பேட்டிங்கை யாரும் சரியாகத் தொடவில்லை. இந்த வளர்ச்சியில் அது ஓரமாக நின்ற விஷயம் இல்லை.

அஷ்வினுக்கு டெஸ்டில் 6 சதம், 3503 ரன். ஒரே டெஸ்டில் சதமும் 5 விக்கெட்டும் 4 முறை: 2011 மும்பை, 2016 ஆன்டிகுவா, 2021 சென்னை, 2024 சென்னை. தொடக்க பேட்ஸ்மேனாக வளர்ந்ததால் கிடைத்த முதலீடு இது. எட்டாம் இடத்தில் ரன் அடிக்கும் ஸ்பின்னர் இருந்தால் கேப்டன் ஐந்தாவது பவுலரைத் தைரியமாகச் சேர்க்கலாம். 2021 சிட்னியில் விஹாரியோடு நின்று 128 பந்தில் 39, ஆட்டமிழக்கவில்லை. முதுகுவலியோடு ஆடி அந்த டெஸ்டை டிரா செய்தது அவருடைய எந்த 5 விக்கெட்டுக்கும் குறைந்ததல்ல.

ஆனால் வெளிநாட்டில் ஒரே ஸ்பின்னருக்கு இடம் என்றால் ஜடேஜாவின் பேட்டிங் முந்திக்கொண்டது. 2021 இங்கிலாந்தில் ஆடிய 4 டெஸ்டிலும் அஷ்வின் வெளியே. 2023 ஓவலில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியிலும் வெளியே, அதுவும் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தபோது. மொத்தம் 106 டெஸ்டில் 65 உள்நாட்டில், 383 விக்கெட் அங்கேயே வந்தது. "வெளிநாட்டில் எடுக்கவில்லை" என்கிறவர்கள் எத்தனை முறை ஆட வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

---

நாலாம்நாள்_பிட்ச் (கேள்வி கேட்டவர்)

கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது. கடைசியாக ஒன்றே ஒன்று: 2018 ஐபிஎல்லில் அவர் லெக் பிரேக் போட்டாரே, அது மறுபடி பழைய பழக்கத்துக்குப் போனது இல்லையா?

---

பழைய_ஸ்கோர்கார்டு

இல்லை, காரணம் வேறு. 2017-க்குப் பிறகு குல்தீப், சாஹல் வந்ததால் வெள்ளைப் பந்து அணியில் இடம் போனது. மணிக்கட்டு ஸ்பின்னர்களைத்தான் தேடினார்கள், அதனால் அதையும் கற்றுக்கொண்டு பார்த்தார். அந்த வருடம் பஞ்சாப் கேப்டனாக இருந்ததால் எப்போது போடுவது என்பதும் அவர் கையிலேயே இருந்தது. கவனிக்க வேண்டியது, அந்த லெக் பிரேக்கைச் சிவப்புப் பந்துக்கு அவர் கொண்டுவரவில்லை என்பது. 2013-ல் டி20 பந்து டெஸ்டுக்குள் வந்து ஆஃப் பிரேக்கைத் தின்றது. 2018-ல் இரண்டுக்கும் நடுவே கதவைச் சாத்திவைத்திருந்தார். அதே ஆகஸ்டில்தான் எட்ஜ்பாஸ்டன். அதற்கு முந்தைய வருடம் வோர்செஸ்டர்ஷயருக்கு கவுண்டி ஆடியபோது எளிமையாக்கிய ஆக்‌ஷன், சுத்தமான ஆஃப் பிரேக், முதல் இன்னிங்ஸிலேயே 62-க்கு 4. வெள்ளைப் பந்துக்கும் 2021 டி20 உலகக் கோப்பையில் திரும்பிவந்தார், அங்கே போட்டதும் பெரும்பாலும் ஆஃப் பிரேக்தான்.